பின்வாசல் வழியே வந்தவர்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜாவுக்கு அருகே, பெரிய சாலையிலிருந்து விலகிய ஒரு கிளைப்பாதையில் பாப்பான் என்ற சிற்றூர் இருக்கிறது. மலாய் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பலகை என்று பொருள். கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்கள் எனப்படும் ஈயச் சுரங்கங்கள் செழித்திருந்த காலத்தில் அதுவும் செழித்த ஊர்தான். இப்போது ஒரு தெருவும், இருபுறமும் இடிந்தும் இடியாமலும் நிற்கும் கடைவீடுகளும், அவற்றின் சுவர்களைப் பற்றிக்கொண்டு வளர்ந்துவிட்ட மரவேர்களுமே மிச்சம். அந்தத் தெருவின் 74ஆம் எண் வீட்டுக்குள் நான் முதன்முதலாகப் போனபோது, முன்கூடத்தில் வைத்திருந்த படங்களையும் பழைய மருந்துப் புட்டிகளையும் பார்த்ததைவிட, வீட்டின் பின்பக்கம் சென்று நின்ற நேரமே அதிகம். என் அப்பாயி சொல்லியிருந்த ஒரு வார்த்தைதான் அதற்குக் காரணம்.

அப்பாயி பத்து காஜா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார்; வற்புறுத்திக் கேட்டால் மரவள்ளிக்கிழங்கைப் பற்றியும், சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாத தம்பியைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். ஒருமுறை மட்டும், "ராத்திரியில கதவைத் தட்டுனா முன்வாசலா பின்வாசலான்னு காது குடுத்துக் கேப்போம்பா. முன்வாசல்னா ஜப்பான்காரன். பின்வாசல்னா காட்டுக்காரனுங்க. ரெண்டுல எதைத் திறந்தாலும் விடியிறது நம்ம கையில இல்ல" என்றார். பாப்பானில் அந்த வீட்டின் பின்வாசலைக் கண்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பேச்சுதான். சிபில் கார்த்திகேசு என்ற பெண்மணி, அதைத் திறந்தால் என்ன நேரும் என்று தெரிந்தே, இரவுதோறும் திறந்த கதவு அது.

அவர் 1899 செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தவர். பிறந்த ஊரையே நடுப்பெயராகக் கொண்டு சிபில் மேடான் டேலி என்று அழைக்கப்பட்டார். தந்தை ஐரிஷ் வழி வந்த யுரேசியத் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வழியினர்) தோட்டத்துறைக்காரர். தாய் பிரெஞ்சு வழி வந்த யுரேசியர், மருத்துவச்சி. மகளும் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். 1919இல் கோலாலம்பூர் புக்கிட் நானாசில் உள்ள புனித யோவான் ஆலயத்தில் அவருக்கும் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசுவுக்கும் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் இந்துக்கள், பெண் வீட்டார் கத்தோலிக்கர்கள் என்பதால் தொடக்கத்தில் தயக்கமும் எதிர்ப்பும் இருந்தன. ஆனாலும் கல்யாணம் நடந்தது. அந்தக் காலத்து எழுத்தர்கள் ஆங்கிலத்தில் பதிந்த விதத்தில் அந்தப் பெயர் 'கத்திகாசு' போலவே உலகெங்கும் உச்சரிக்கப்படுகிறது. தமிழில் எழுதும்போதாவது அதற்குரிய யாழ்ப்பாணத்து உருவத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

1926 முதல் கணவனும் மனைவியும் ஈப்போவின் புருஸ்டர் சாலையில் 141ஆம் எண் கட்டடத்தில் கிளினிக் நடத்தினார்கள். சிபில் கண்டோனிய மொழியைச் சரளமாகப் பேசுவார். ஈய லம்பத்துத் தொழிலாளியின் மனைவி பிரசவ வலியில் கிடக்கும்போது, அவளுடைய மொழியிலேயே தைரியம் சொல்லும் ஒரு மருத்துவச்சி எவ்வளவு அரிதானவர் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். பின்னாளில் காட்டுக்குள்ளிருந்து வந்தவர்கள் அவரை நம்பியதற்கு முதற்காரணம் அரசியல் என்று நான் நினைக்கவில்லை. அவர்களில் சிலருடைய அக்காள் தங்கைகளுக்கு அவர் பேறு பார்த்திருக்கலாம். அந்த நம்பிக்கை பதினைந்து ஆண்டுகளாகச் சேர்ந்தது.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். எழுபதே நாளில், 1942 பிப்ரவரி 15ஆம் தேதி, சிங்கப்பூரும் விழுந்தது. இடையில் ஈப்போவின்மேல் குண்டுகள் விழுந்தன; டிசம்பர் மாதம் முடிவதற்குள் நகரம் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அதற்குச் சில நாள் முன்னதாகக் கார்த்திகேசு குடும்பம் பாப்பானுக்கு இடம்பெயர்ந்தது. எல்லோரையும் போல உயிருக்குப் பயந்துதான் அவர்களும் வந்தார்கள். எதிர்ப்புப் போர் நடத்தவேண்டும் என்று யாரும் அந்த ஊருக்கு மூட்டை கட்டவில்லை. இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. வீரர்களின் வரலாற்றை எழுதும்போது பிறவியிலேயே அவர்கள் அதற்கென்று வந்தவர்களைப் போல எழுதிவிடுகிறோம். சிபில் பாப்பானுக்கு வந்தபோது நாற்பத்திரண்டு வயதுப் பெண். வளர்த்த மகன் வில்லியமும் மூத்த மகள் ஓல்காவும் பெரியவர்கள். கடைக்குட்டி டான் ஐந்து வயதுக் குழந்தை. ஊரைச் சுற்றியிருந்த நோயாளிகள் அங்கும் தேடி வந்தார்கள். அவர் மருந்து கொடுத்தார். அவ்வளவுதான் தொடக்கம்.

காட்டுக்குள் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை. கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைமையில், பெரும்பாலும் சீன இளைஞர்களைக் கொண்ட படை அது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவரையும் குறிக்கத் தொப்பியில் மூன்று நட்சத்திரம் வைத்திருந்ததால் மக்கள் அவர்களைப் 'பிந்தாங் தீகா' என்றே அழைத்தார்கள். பேராக்கில் இயங்கியது அதன் ஐந்தாவது படைப்பிரிவு. சீனர்கள் அப்படித் திரண்டதற்கான காரணத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை. சிங்கப்பூர் விழுந்த சில நாட்களிலேயே ஜப்பானிய ராணுவம் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பொறுக்கியெடுத்துக் கொன்றது. அந்த வேட்டை தீபகற்பத்துக்கும் பரவியது. தப்பியவர்களுக்குக் காடு ஒன்றே போக்கிடம்.

காட்டில் மனிதனைக் கொல்வது குண்டு மட்டுமன்று. மலேரியா கொல்லும், காலில் பட்ட சிறு கீறல் எலும்புவரை அழுகும் புண்ணாகும், தீட்டிய அரிசியும் கிழங்கும் மட்டுமே தின்பவனுக்குப் பெரிபெரி வந்து கால் வீங்கும். மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவில் உலகத்தின் பெரும்பகுதி ஜாவாவில் விளைந்தது. அந்த ஜாவாவும் ஜப்பானியர் கையில். இப்படிப்பட்ட நேரத்தில் பாப்பானின் தாதி வீட்டுக்குப் பின்புறத்தில், காய்கறித் தோட்டத்தைக் கடந்து, இருட்டியபின் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பகலில் முன்வாசல் வழியே கர்ப்பிணிகளும் காய்ச்சல்காரர்களும். இரவில் பின்வாசல் வழியே குண்டு பாய்ந்தவர்கள்.

ஒரு துப்பாக்கிக் காயத்துக்கு மருந்திட்டு அதை மறைப்பது என்பது எத்தனை வேலை என்று அந்தப் பின்வாசலில் நின்று கணக்குப் பார்த்தேன். விளக்கை ஏற்றவேண்டும், ஆனால் வெளிச்சம் தெருவுக்குத் தெரியக்கூடாது. குண்டை எடுக்கும்போது அவன் அலறக்கூடாது. மயக்க மருந்தோ கைவசம் இருப்பதே சொற்பம். இரத்தம் தோய்ந்த துணியையும் பஞ்சையும் விடிவதற்குள் இல்லாமல் ஆக்கவேண்டும். பகல் நோயாளிகளுக்கான மருந்திலிருந்துதான் இரவு நோயாளிகளுக்கும் கொடுக்கவேண்டும். குழந்தை அரைத்தூக்கத்தில் பார்த்ததை மறுநாள் பிள்ளைகளோடு விளையாடும்போது சொல்லிவிடக்கூடாது. இத்தனையும் ஒரு நாள் இரண்டு நாளுக்கு அல்ல, மாதக்கணக்கில். துணிச்சல் என்று சொன்னால் ஒரு கண நேரத்துப் பாய்ச்சல்தான் நம் கண்முன் வருகிறது. சிபிலின் துணிச்சல் துணி அலசுவதிலும் புட்டியில் மிஞ்சியிருப்பதை அளந்து பார்ப்பதிலும் இருந்தது.

கணவரும் அந்த வேலையில் பங்காளி. அவரைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான். மனைவி கதவைத் திறந்தபோது மூடச் சொல்லாத மனிதர் அவர். பின்னர் அதற்காகத் தாமும் சிறைக்குப் போனார்.

வீட்டில் இன்னொரு குற்றமும் ஒளிந்திருந்தது. சிற்றலை வானொலி ஒன்றை அவர்கள் வைத்திருந்தார்கள். அதற்கு ஜோசஃபின் என்று செல்லப்பெயரும் இட்டிருந்தார்கள். வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டுப் பிடிபட்டால் தலை போகும் காலம் அது. மாடிப்படிக்கு அடியில் உள்ள குழியில் பெட்டியை மறைத்துவைத்து, இரவில் எடுத்து பி.பி.சி. செய்தியைக் கேட்பார்கள். ஜப்பானியர் அச்சிட்ட நாளிதழ்கள் வெற்றிக்குமேல் வெற்றி என்று எழுதிக்கொண்டிருந்தபோது, 1943 பிப்ரவரியில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மானியர் சரணடைந்ததையும், அந்த ஜூலையில் நேசநாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கியதையும் லண்டன் வானொலி உலகுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. மருந்துக்கு வருபவனிடம் இப்படி ஒரு செய்தியையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினால் அது காட்டுக்குள் எத்தனை பேருக்குப் போய்ச் சேரும் என்று எண்ணிப் பாருங்கள். கொய்னாவுக்குச் சமமாக அதுவும் ஒரு மருந்துதான்.

1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கெம்பெய்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் அந்த வீட்டைத் தேடி வந்தது. கணவர், மகன், பிறகு சிபில் என்று குடும்பமே அதன் பிடியில் சிக்கியது. சிபிலை விசாரிக்கும் பொறுப்பு எக்கியோ யோஷிமூரா என்ற சார்ஜெண்டிடம் இருந்தது. வந்து போனவர்களின் பெயர்களையும், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும்தான் அவன் கேட்டான்.

அவருக்குச் செய்யப்பட்டவற்றை விரிவாக எழுத எனக்கு மனம் இல்லை, எழுதாமலும் விடக்கூடாது. வயிறு புடைக்கத் தண்ணீர் ஊற்றி அதன்மேல் மிதித்தார்கள். நகக்கண்களில் மூங்கில் சிலாம்பு ஏற்றினார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டார்கள். அடித்த அடியில் முதுகெலும்பு பாதிக்கப்பட்டு அவரால் நடக்கமுடியாமல் போயிற்று. தாடையில் விழுந்த பூட்ஸ் உதை ஒன்று, அப்போது யாருக்கும் தெரியாமல், ஐந்தாண்டு கழித்து அவர் உயிரை வாங்குவதற்கான புண்ணை உண்டாக்கிவிட்டுப் போயிற்று.

இவை எதற்கும் அவர் வாய் திறக்காததால், ஏழு வயது டானைக் கொண்டுவந்தார்கள். குழந்தையைக் கயிற்றில் கட்டி மரத்தில் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டி, தாயைப் பார்க்கவைத்தார்கள். பெயர்களைச் சொல்லாவிட்டால் கயிற்றை அறுத்துவிடுவதாக யோஷிமூரா மிரட்டினான். சொல்லவேண்டாம் என்று தாய்க்கு மேலிருந்து குரல் கொடுத்தவள் அந்தக் குழந்தை. அந்த நேரத்தில் ஜப்பானிய அதிகாரி ஒருவர் குறுக்கிட்டதால் டான் உயிர் பிழைத்தாள்.

இந்த இடத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நான் புத்தகத்தை மூடிவிடுகிறேன். பெற்ற குழந்தையின் உயிரையும், காட்டில் இருக்கும் யாரோ சிலரின் உயிர்களையும் தராசில் வைத்து ஒரு தாய் எடை போட்டாள் என்று எழுதுகிறார்கள். அப்படி யாராலும் எடை போடமுடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. சிபில் ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை உடையவர். அந்த நேரத்தில் அவர் பிடித்துக்கொண்டது செபத்தைத்தான். ஆனால் அதோடு இன்னொன்றும் இருந்திருக்கவேண்டும். மருத்துவச்சியாக இருப்பவர் ஆயிரம் வீடுகளின் இரகசியங்களைச் சுமப்பவர். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று வெளியில் சொல்லாதிருப்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். கதவைத் திறந்து உள்ளே விட்டதும், உள்ளே வந்தது யார் என்று சொல்லாமல் இருந்ததும் என் கண்ணுக்கு இரண்டு செயல்களாகத் தெரியவில்லை. இருபது ஆண்டுகளாக அவர் செய்துவந்த ஒரே வேலையின் இரு பாதிகள் அவை.

அவருக்கு ஆயுள் தண்டனை விதித்துப் பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். சிங்கப்பூர் மக்கள் இன்றும் போற்றும் லிம் போ செங், பிரிட்டிஷாரின் இரகசியப் போர்ப்பிரிவான 136ஆம் படையைச் சேர்ந்தவர், 1944 ஜூன் 29ஆம் தேதி உயிரை விட்டதும் அதே சிறையில்தான். அவரும் தோழர்களின் பெயர்களைச் சொல்லவில்லை. சிங்கப்பூரில் எஸ்பிளனேடுக்குப் போகிறவர்கள் அவருடைய நினைவுக்கோபுரத்தைப் பார்க்கலாம். அப்பாயியின் தோட்டம் அந்தச் சிறையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. உள்ளே யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகு சிபில் வெளியே வந்தார். நடக்கமுடியாத நிலையில் சிகிச்சைக்காக விமானத்தில் பிரிட்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே மருத்துவமனைகளுக்கு இடையே தன் நினைவுகளை எழுத்தாக்கினார். அது அவர் இறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, 1954இல்தான் நூலாக வந்தது. பொதுமக்களின் வீரத்துக்கென 1940இல் ஏற்படுத்தப்பட்ட ஜார்ஜ் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அதைப் பெற்ற ஒரே மலாயாப் பெண் அவர். 1948 ஜூன் 12ஆம் தேதி, தாடையிலிருந்த பழைய காயத்தின் நஞ்சு இரத்தத்தில் கலந்து, நாற்பத்தெட்டாவது வயதில் இறந்தார். ஸ்காட்லாந்தின் லானர்க் ஊரில் அடக்கம் செய்தார்கள்.

அந்தத் தேதியைக் கவனிக்கவேண்டும். அவர் இறந்த நான்காம் நாள், ஜூன் 16ஆம் தேதி, பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. ஜப்பானியரை எதிர்த்ததற்காக லண்டன் வெற்றி அணிவகுப்பில் நடந்தவர்களின் தோழர்களே இப்போது அதே பிரிட்டிஷாரால் வேட்டையாடப்பட்டார்கள். சிபில் யாருடைய பெயர்களைச் சொல்ல மறுத்தாரோ, அந்தப் பெயர்களில் சிலவற்றுக்கு இப்போது அரசாங்கம் தேடுதல் சுவரொட்டி ஒட்டியிருக்கக்கூடும். 1949இல் அவருடைய உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித மைக்கேல் ஆலயத்தை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறையில் மறு அடக்கம் செய்யப்பட்டபோது, ஊர் மக்கள் திரண்டு வந்து மரியாதை செய்தார்கள். அந்த மரியாதையின் நடுவே, அவர் காப்பாற்றியது யாரை என்ற பேச்சைப் பலரும் மெல்லத் தவிர்த்திருப்பார்கள்.

நான் இங்கே யாரையும் புனிதராக்க முயலவில்லை. ஜப்பானியர் சரணடைந்ததற்கும் பிரிட்டிஷார் திரும்பியதற்கும் இடைப்பட்ட வாரங்களில் பிந்தாங் தீகா ஆட்கள் ஊர்களில் புகுந்து பலரைத் துரோகிகள் என்று கொன்றது உண்மை. அதன் வடு இந்த நாட்டில் இன்னும் ஆறவில்லை. கத்தோலிக்கரான சிபிலுக்குக் கம்யூனிசத்தோடு எந்த ஒட்டும் இல்லை. ஆனால் பின்வாசலில் வந்து விழுந்தவனிடம் அவர் கொள்கையைக் கேட்கவில்லை. காயம் எங்கே என்றுதான் கேட்டார்.

தமிழர்களாகிய நம் நினைவில் அவருக்கு இடம் அமையாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. அந்தப் போரை நாம் இரண்டு வழியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஒன்று சயாம் மரண ரயில். தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டு அங்கே மாண்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர். மற்றொன்று இந்திய தேசிய ராணுவம். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபிறகு, பால்மரம் சீவிய பெண்பிள்ளைகள் ஜான்சி ராணி படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். அதே மாதங்களில்தான் ஈப்போவில் சிபில் வதைபட்டுக்கொண்டிருந்தார். ஜப்பானியரின் துணையோடு இந்தியாவை விடுவிக்கக் கிளம்பிய பெண்களும், ஜப்பானியரின் பூட்ஸ் காலடியில் கிடந்த இந்தப் பெண்ணும் ஒரே நாட்டில், ஒரே காலத்தில் இருந்தவர்கள். இருவரையும் ஒரே மூச்சில் சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. யுரேசியர் என்பதால் அவர் நம்மவர் இல்லை, தமிழனை மணந்ததால் முழுக்க யுரேசியரும் இல்லை, காப்பாற்றியது சீனர்களை. யாருடைய வரலாற்றுப் புத்தகத்திலும் அவருக்கு ஒரு தனி அத்தியாயம் கிடைக்காமல் போனதற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன். எனக்கோ, இந்த நாட்டின் கதை ஒருவரிடத்தில் முழுதாகச் சேர்ந்திருக்கிறது என்றால் அது அவரிடம்தான்.

இன்று ஈப்போவின் ஃபேர் பார்க் பகுதியில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பாப்பான் வீட்டைச் சிலர் தம் சொந்த முயற்சியில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நான் போன அன்று, மாடிப்படிக்கு அடியில் இருந்த குழியை என் மகள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டான் அளவு வயதுதான் அவளுக்கும். வானொலியைப் பற்றி அவளுக்குச் சொன்னேன்; மருந்தைப் பற்றியும் சொன்னேன். மரத்தையும் கயிற்றையும் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அவள் எழுந்து, கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, "இங்க வந்தவங்க எல்லாம் எந்த வழியாப் போனாங்க?" என்று கேட்டாள். பின்கதவைத் திறந்து, புல் மண்டிய அந்தப் பழைய தோட்டத்தையும் அதற்கப்பால் தெரிந்த பச்சை மலையையும் அவளுக்குக் காட்டினேன்.